கொடியும் கோடியும்

நோட்டீஸ் 500உம் அடித்து, காயவைத்து, கட்டுப் போட்டுக் கொடுத்தாயிற்று. மறுநாள் காலை கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வந்து அச்சக முதலாளியின் மேசையில் ஒரு தாளை விரித்தார். சத்தம் போடவில்லை. திருவிழா நாள்களைப் போட்டிருந்த இடத்தில், முதல் வரிக்குக் கீழே விரலை மட்டும் வைத்தார். ‘கோடியேற்றம்’ என்று இருந்தது.

“கொடியேத்தம் எண்டுதானே முதலாளி எழுதித் தந்தன். நீங்க பிள்ளையாருக்குக் கோடி போட்டிருக்கீங்க.”

கோடி என்றால் புதுத் துணி. கலியாணப் பெண்ணுக்கும் கோடி உண்டு. ஆனால் கோயில் நோட்டீசில் அந்தச் சொல்லைப் பார்ப்பவனுக்குச் செத்த வீட்டுக் கோடிதான் முதலில் ஞாபகம் வரும். இது நடந்தது 1975இல். பிழை என்னுடையது.

என் ஊர் கொக்கட்டிச்சோலை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தான்தோன்றீஸ்வரர் கோயில் உள்ள ஊர். வயலும் மாடும்தான் எங்கள் வீட்டுத் தொழில். கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டதால் 1973இல், பதினாறு வயதில், பட்டணத்து அச்சகம் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். விடியச் சைக்கிளில் மண்முனைத் துறைக்கு வருவேன். அங்கே ‘பாதை’ ஏற வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது தெருவை அல்ல. ஆள், சைக்கிள், வண்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. அக்கரையில் இறங்கி ஆரையம்பதி, காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலத்தால் பட்டணத்துக்குள் போனால் எட்டு மணிக்கு வேலை. பாதை பிந்தினால் நானும் பிந்துவேன். அதற்கு ஒரு நாளும் ஏச்சு விழுந்ததில்லை. எழுத்தைப் பிழையான பெட்டியில் போட்டால் விழும்.

அச்சுக் கோப்பவனுக்கு முதல் வருஷம் கோக்கவே விட மாட்டார்கள். அடித்து முடிந்த பக்கத்தைக் கழுவி, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அதனதன் பெட்டியில் திருப்பிப் போடுவதுதான் வேலை. பிரித்தல் என்போம். பிரிக்கிறவன் ஒரு எழுத்தை மாறிப் போட்டால் அந்தப் பிழை அன்றைக்கே தெரியாது. பெட்டிக்குள் கிடந்து, ஒரு மாதம் கழித்து, இன்னொருவன் கையில் ஏறி, யாரோ ஒருவருடைய கலியாணக் கார்டில் போய் உட்காரும். கோப்பவர் எழுத்தின் முகத்தைப் பார்த்து எடுப்பதில்லை. விரலுக்குப் பெட்டி தெரியும். ஈயத் தண்டின் வயிற்றில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் என்று பெருவிரல் தடவிப் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

‘கொ’ ஈயத்தில் ஒரு எழுத்தல்ல, மூன்று துண்டு: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். ஒற்றைக்கொம்புப் பெட்டிக்குள் நான் போட்டுவைத்த ஓர் இரட்டைக்கொம்புதான் பிள்ளையாருக்குக் கோடி போட்டது. புறூவ் பார்த்தவருக்கும் அது தப்பிவிட்டது. தேய்ந்த எழுத்து. மேற்சுழிக்குள் மை ஏறி அடைத்திருந்ததால் இரட்டைக்கொம்பு ஒற்றை மாதிரியே தெரிந்திருக்கிறது. 500 பிரதியில் கொஞ்சம் நல்லாக விழுந்தவற்றில் சுழி திறந்து, உண்மை வெளியே வந்துவிட்டது.

முதலாளி மறு நோட்டீசைத் தன் செலவில் அடித்துக் கொடுத்தார். என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. மூத்த அச்சுக் கோப்பாளரிடம் என்னை ஒப்படைத்தார். எல்லாரும் அவரைப் பெரியண்ணன் என்றே கூப்பிடுவோம். அவர் இரண்டு கொம்புப் பெட்டிகளையும் ஒரு தட்டில் கவிழ்த்தார். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் செருகும் கண்ணாடி ஒன்றைக் கையில் தந்தார். “ஒவ்வொண்டாப் பாத்துப் பிரி மனே. தேஞ்சதை வேறயா வை.” ஒரு கிழமை போனது.

அந்த ஒரு கிழமையில்தான் எனக்கு எழுத்தைப் பார்க்கத் தெரிந்தது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் சொல்.

கண்ணாடிக்குள் அந்தக் கொம்பு ஒரு கோயில் வளைவு மாதிரி நின்றது. கோடு ஓர் இடத்தில் தடித்து, வளையத் தொடங்கும்போது மெல்ல வடிந்து, சுழிக்குள் நுழையும் இடத்தில் மயிரிழையாகி, வெளியே வரும்போது திரும்பத் தடிக்கிறது. சுழிக்கு நடுவில் கடுகிலும் சிறிய ஒரு பள்ளம். அந்தப் பள்ளந்தான் கடதாசியில் வெள்ளையாக விழுவது. “இந்தச் சுழி அடைஞ்சா எழுத்துச் செத்துப் போச்சு” என்றார் பெரியண்ணன். தேய்ந்த கொம்புகளை அவர் உருக்கப் போகும் டின்னுக்குள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் அச்சகத்தில் இரண்டு சாதி எழுத்து இருந்தது. போஸ்டருக்கு மரத்தில் வெட்டிய பெரிய எழுத்து: எல்லாக் கோடும் ஒரே தடிப்பு, தூரத்தில் நின்று பார்க்க. புத்தகத்துக்குச் சென்னையில் வார்த்த ஈய எழுத்து: தடிப்பும் மெலிவுமாக, கையில் வைத்து வாசிக்க. இங்கிலீஷ் எழுத்தில் புத்தக முகத்தைக் கால் நுனியில் உள்ள சின்னப் பாதத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். செரிஃப் என்பார்கள். உரோமர் கல்லில் வெட்டிய எழுத்திலிருந்தே அந்தப் பாதம் இருக்கிறது. தமிழுக்கு அந்தப் பாதம் கிடையாது, தேவையும் இல்லை. நமக்குப் புத்தக எழுத்து என்றால் இந்தத் தடிப்பும் மெலிவும்தான்.

ஏன் என்று கேட்டால் அழகுக்கு என்பார்கள். நான் ஒப்ப மாட்டேன். தமிழில் சுழி அதிகம். ணகரத்துக்கு மூன்று, னகரத்துக்கு இரண்டு, கொம்புக்கு ஒன்றோ இரண்டோ, ஐகாரக் கொம்புக்கு வேறு. எல்லாக் கோட்டையும் ஒரே தடிப்பில் போட்டுப் பத்துப் பொயின்டுக்குச் சிறுக்கவைத்தால் சுழிக்குள் வெள்ளை நிற்க இடம் எங்கே? திரும்பும் இடத்தில் கோட்டை மெலிய வைத்தால்தான் உள்ளே வெள்ளை பிழைக்கும். எழுத்து வெட்டியவர்கள் அதை அறிந்து வெட்டினார்கள்.

ஓலையில் இந்தப் பேச்சே இல்லை. எழுத்தாணிக்கு ஒரே தடிப்புத்தான். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். தமிழை ஈயத்தில் வார்த்தவர்கள்தான் முதலில் இந்தத் தலையிடியில் மாட்டினார்கள். 1578இல் கொல்லத்தில் அடித்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். அதற்கான எழுத்தைக் கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்திருக்கிறார்கள். 1713இல் ஜெர்மனியின் ஹாலேயில் இருந்து தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் எழுத்து பெரிய எழுத்து. அங்கிருந்த மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அந்த எழுத்தில் கோத்துப் பார்த்திருப்பார். கடதாசி கட்டுப்படியாகாது. அங்கேயே சிறிதாக வார்த்தார்கள். அதற்கு இங்கிலாந்திலிருந்து பாற்கட்டி வந்த ஈய டப்பாவை உருக்கினார்கள் என்று ஒரு கதை. கதை கேட்டுப் பெரியண்ணன் சிரிப்பார். வெறும் ஈயம் மெது. அந்திமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் சேராமல் எழுத்து நாலு நாள் நிற்காது.

சிறிய எழுத்தில் சுழி திறந்து நிற்பதை நான் முதன்முதலில் வாய் பிளந்து பார்த்தது வின்சுலோ அகராதியில். பட்டணத்து வாத்தியார் ஒருவர் வீட்டில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் தொடங்கிய வேலை சென்னையில் முடிந்து, 1862இல் ஹண்ட் என்பவருடைய மேற்பார்வையில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் வெளிவந்தது. 67,000க்கு மேல் சொல். அவ்வளவையும் ஒரே கட்டுக்குள் அடக்க எழுத்து எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்து இரட்டைக்கொம்பைத் தேடினேன். நூறு வருஷத்துக்கு மேலாகியும் சுழி திறந்தே கிடந்தது. வாத்தியார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அகராதியில் சொல் தேடாமல் கொம்பு தேடுகிறவனை அவர் கண்டிருக்க மாட்டார்.

பெட்டி எத்தனை என்று இளம் பிள்ளைகள் கேட்பார்கள். உயிர் 12, ஆய்தம் ஒன்று. பதினெட்டு மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று தனித்தனி வார்ப்பு, அதில் 108. கால், இரண்டு கொம்பு, ஐகாரக் கொம்பு நாலு. பழைய முறையில் ஒட்டு எழுத்தாக வந்த ணா, றா, னா மூன்று. ஐகாரக் கொம்புக்குப் பதில் தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை நாலு. இவ்வளவில் 132. பிறகு ஜ, ஷ, ஸ, ஹ வகையறா, ஸ்ரீ, இலக்கம், காற்புள்ளி. இங்கிலீஷ் கோப்பவன் ஒரு நாற்காலியில் இருந்தபடி வேலை முடிப்பான். நாங்கள் பெட்டிகளை அடுக்கிய நாலு கேசுக்கு முன்னால் நடந்துகொண்டே இருப்போம்.

1982 என்று நினைவு. கூத்துப் பழக்கும் எங்கள் படுவான்கரை அண்ணாவியார் ஒருவர் வடமோடிக் கூத்துக் கொப்பி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஏட்டில் இருந்து யாரோ பார்த்தெழுதிய கொப்பி. ஏட்டில் உள்ளபடியே எழுதியிருந்தார்கள். புள்ளி இல்லை. காலும் ரகரமும் ஒன்று. ஒற்றைக்கொம்பு மட்டும், இரட்டைக்கொம்பு என்ற ஒன்றே இல்லை. கொடியும் கோடியும் அங்கே ஒரே எழுத்து. நான் ஏழு வருஷத்துக்கு முன் செய்த பிழையைக் கொப்பி முழுக்க எழுதி வைத்திருந்தார்கள், அது பிழையாகவும் இல்லை. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைத்துக் குறிலைக் காட்டச் சொன்னது தொல்காப்பியம். அந்தப் புள்ளி ஓலையில் நிற்கவில்லை. மேலே ஒரு சுழி போட்டு நெடிலைப் பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் எனக்குத் தொழிலாக வந்து முன்னால் நின்றது.

வழி ஒன்றுதான் இருந்தது. அண்ணாவியாரைக் கேசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருத்தினோம். அவர் பாடுவார். நான் கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கோடு நின்று கேட்பேன். குரல் நீண்டால் இரட்டைக்கொம்பு, வெட்டினால் ஒற்றை. சில இடத்தில் தாளத்துக்காக அவர் குறிலையும் இழுத்துவிடுவார். “இது இழுப்பா அண்ணாவியார், நெடிலா?” என்று கேட்டால் கண்ணை மூடி இன்னொரு முறை பாடிப் பார்ப்பார். “இழுப்புத்தான் தம்பி. சின்னக் கொம்பு போடுங்க.” ஒரு நாளைக்கு நாலு பக்கம் போனாலே அதிகம். மெஷின்காரன் கால்தட்டை மிதிப்பதை நிறுத்திவிட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

எழுத்தளவும் அவர்தான் முடிவு செய்தார். நான் 12 பொயின்டில் கோத்துப் புறூவ் எடுத்துக் காட்டினேன். அதை மடித்துக்கொண்டு போய், ராத்திரி கூத்துக் களரியில் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். “பகல்ல நல்லாக் கிடக்கு. ராவுல கொம்பு தெரியல்ல.” 14க்கு மாற்றினேன். வரிகளுக்கு நடுவில் ஈயத் தகட்டைக் கூட்டினேன். பக்கம் கூடியது, செலவும் கூடியது. புத்தக எழுத்தை யார், எங்கே, எந்த வெளிச்சத்தில் வாசிக்கப்போகிறார் என்று கேட்டுத் தேர்ந்த வேலை என் ஆயுளில் அதுதான் முதல்.

கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி. மட்டக்களப்பில் அந்த இரவைக் கண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அச்சகத்துக் கூரைத் தகரம் போய்விட்டது. விடிந்து பார்த்தால் கேசுகள் எல்லாம் சரிந்து, எழுத்துகள் சேற்றோடு கலந்து, நிலத்தில் ஈயக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய மாதிரிக் கிடந்தது. அள்ளிச் சாக்கில் கட்டி, கிணற்றடியில் அரித்துக் கழுவி, பிரித்தோம். மாசி பிறந்தும் முடியவில்லை. எனக்குக் கண்ணாடி கைப்பழக்கமாக இருந்ததால் கொம்பும் தும்பிக்கையும் என் பங்கு. தும்பிக்கை எழுத்துகள்தான் ஆகக் கூடுதலாக உடைந்திருந்தன. முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிற உறுப்பு, முதலில் அடி வாங்குவதும் அதுதான்.

அதே வருஷம் ஒக்டோபரில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டிருந்தது. பெரியார் 1935இல் இருந்து ‘குடி அரசு’ பத்திரிகையில் அடித்துவந்த முறை. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், தும்பிக்கை நாலு, ஆகப் பதின்மூன்று எழுத்து மாறியது. அதற்குப் பிறகு நாங்கள் வரவழைத்த எழுத்தில் தும்பிக்கை வரவில்லை, தனி ஐகாரக் கொம்பு வந்தது. பெரியண்ணனுக்குப் பழசை எறிய மனமில்லை. கொஞ்சக் காலம் எங்கள் நோட்டீசுகளில் ஒரே வரியில் இரண்டு விதமான ‘லை’ நிற்கும். ஒரு தமிழ் வாத்தியார் அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொண்டுவந்து முதலாளியிடம் கொடுத்தார். நியாயந்தான். சீர்திருத்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிரிக்கிறவனுக்கு ஏழு பெட்டி குறைந்தது லாபம். ஆனால் தும்பிக்கை ‘லை’ வரியில் பிடிக்கும் இடம் குறைவு. அதற்கு இருந்த நெளிவு புதிய ‘லை’க்கு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளில், யுத்தத்தில், வாவிக்கு இக்கரை ஒரு ஆட்சி, அக்கரை ஒரு ஆட்சி. நான் பட்டணத்திலேயே தங்கிவிட்டேன். அந்த வருஷங்களில் நாங்கள் கூடுதலாக அடித்தது மரண அறிவித்தலும் 31ஆம் நாள் நினைவு மலரான கல்வெட்டும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஈயத்தை நிறைக்கு விற்றபோது நான் கடையில் இல்லை, இருக்க விரும்பவில்லை. கணினி வந்தது, பாமினி எழுத்துரு வந்தது. இங்கிலீஷ் ‘ஜே’யைத் தட்டினால் தகரம், ‘கே’யைத் தட்டினால் மகரம். விரலுக்கு மறுபடி பெட்டி தெரிய வேண்டிய வேலைதான், இரண்டு மாதத்தில் பிடித்துக்கொண்டேன். பிரிக்கிற வேலை இல்லை என்பது முதலில் நம்ப முடியாத சந்தோஷம். ஆனால் பாமினி இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் அவ்வளவு தமிழும் இங்கிலீஷ் குப்பையாகக் கொட்டும். பெட்டி கவிழ்வதற்கு இனிச் சூறாவளி தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். யூனிகோட் வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று.

போகாதது வேறொன்று. கோயில் மலர், பாடசாலை மலர், நூல் வெளியீடு எல்லாவற்றிலும் இப்போது போஸ்டர் எழுத்துத்தான். திரைக்கென்று செய்த, எல்லாக் கோடும் ஒரே தடிப்பான எழுத்தை 10 பொயின்டுக்குச் சிறுக்கவைத்து 200 பக்கம் அடிக்கிறார்கள். பக்கத்தில் வரும் இங்கிலீஷுக்கு மட்டும் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்காகச் செய்து 1932இல் அதில் வந்த டைம்ஸ் நியூ ரோமனைத் தேடிப் போடுகிறார்கள். இங்கிலீஷுக்குப் புத்தக எழுத்து, தமிழுக்குக் கடைப் பலகை எழுத்து. வரி இடைவெளியும் இங்கிலீஷ் கணக்குத்தான். மேலே இகரக் கொக்கி, கீழே உகரக் கால் என்று இரண்டு பக்கமும் நீட்டுகிற எழுத்துக்கு அது மூச்சு முட்டும். இளம் வடிவமைப்பாளரிடம் சொன்னால், “இது நீற்றா இருக்கு ஐயா” என்கிறார்கள். நீற்றாக இருக்கிறது. அறுபது தாண்டியவர் இரண்டு பக்கத்துக்கு மேல் வாசிக்க மாட்டார்.

மண்முனைக்குப் பாலம் 2014இல் திறந்தது. பாதைக்குக் காத்து நின்றவன் இப்போது கொக்கட்டிச்சோலையில் இருந்தே வேலை செய்கிறேன், வீட்டு விறாந்தையில், ஒரு பழைய கணினியில். போன வருஷம் அந்த அண்ணாவியாரின் பேரன் வந்தார். தாத்தாவின் கூத்துப் புத்தகத்தைத் திரும்ப அடிக்க வேண்டும், கைவசம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறதாம், அதிலும் கறையான் தின்ற பக்கங்கள். பிரித்துப் பார்த்தேன். என் கொம்புகள். ஒன்றிரண்டு இடத்தில் சுழி அடைந்திருந்தது.

ஆறு எழுத்துருவை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கொடி, கோடி என்ற இரண்டே சொல்லைத் தட்டி, 10 பொயின்டில், கடையில் கிடைக்கும் மலிந்த தாளில் அடித்தேன். முதல் நாலிலும் அந்த இரண்டு சொல்லும் ஒன்றாகவே தெரிந்தன. ஐந்தாவதில் சுழி அரைகுறையாக இருந்தது. ஆறாவது கூகுள் இலவசமாகத் தரும் நோட்டோ செரிஃப் தமிழ். பெயரில் செரிஃப் இருக்கிறது, எழுத்தில் பாதம் இல்லை. தடிப்பும் மெலிவும் இருக்கிறது, சுழி திறந்து நின்றது. பழைய சென்னை எழுத்தின் நெளிவு அதில் இல்லை, கொஞ்சம் விறைப்புத்தான். ஆனால் நேர்மையான எழுத்து. 14 பொயின்டில், வரிக்கு வரி 21 கொடுத்துக் கோத்தேன். பேரன் புறூவைக் கொண்டுபோய் ராத்திரி களரியில் வாசித்துப் பார்த்துவிட்டு, திருத்தம் மூன்று சொன்னார். மூன்றும் சொற்பிழை. கொம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் கோயில் மலரோ புத்தகமோ அச்சுக்குப் போகும் முன், திரையில் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். கொடி, கோடி என்று இரண்டு சொல்லை 10 பொயின்டில் அடிக்கச் சொல்லி, தாளை வாங்கிப் பின்னேர வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வீட்டில் உள்ள வயதானவரிடமும் ஒருதரம் காட்டுங்கள். அவர் இரண்டையும் பிரித்து வாசித்தால் அந்த எழுத்தை எடுங்கள்.